பஞ்சாங்கக் கட்டத்தில் ஒளிந்திருக்கும் இரட்டை விண்மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தமிழ்ப் புத்தாண்டுச் சிறப்பு மலரில், சித்திரை மாதத்துக்குப் பெயர் கொடுத்த சித்திரை நட்சத்திரத்தைப் பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். திருவிழாக்கள், சித்ரா பௌர்ணமி வழிபாடு, மாங்காய்ப் பச்சடி என எல்லாம் முறையாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் சித்திரை என்பது 'முத்துப் போல் தனித்து ஒளிரும் ஒற்றை விண்மீன்' என்று அதில் ஒரு வரி இருந்தது. முத்துப் போல் என்பது பொருத்தம். மரபிலும் அந்த நட்சத்திரத்துக்கு முத்துதான் அடையாளம். ஒற்றை என்பதுதான் பிழை. அது ஒன்றையொன்று மிக நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு விண்மீன்கள். இரண்டுமே நீல வெண்மை நிறமும் கடும் வெப்பமும் கொண்டவை. இந்தத் திருத்தத்தைச் சொல்வதற்காகவும், அதையொட்டி ஒரு வேண்டுகோளை வைப்பதற்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும்.

வேண்டுகோள் எங்கிருந்து பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் பங்குதாரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பகலெல்லாம் துறைமுகத்தில் படகுக்கு வண்ணமடிக்கும் வேலையில் இருப்பார். இரவானால் மொட்டை மாடியில் வலையைப் பரப்பிக்கொண்டு கிழிசல் கட்டுவார். அன்று தங்கள் மலர் என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, என் நட்சத்திரம் சித்திரைன்னு தினம் பேப்பர்ல பலன் பாக்குறேன். நாப்பது வருஷமா கடல்ல வெள்ளி பாத்துட்டு இருக்கேன். அந்தச் சித்திரை எந்த வெள்ளின்னு இதுவரைக்கும் ஒருத்தரும் காட்டலியே" என்றார். கடல்மேல் செல்பவர்கள் விண்மீனை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்த நானும் அதுவரை அவருக்கு அதைக் காட்டியதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது மணி எட்டு இருக்கும். துறைமுகப் பக்கத்து ஹைமாஸ்ட் விளக்குகளும், வடமேற்கில் மணலி ஆலைகளின் புகைபோக்கிச் சுடரும் வானத்தின் அடிப்பகுதியை வெளுக்க வைத்திருந்தாலும், தென்கிழக்கை ஒட்டிய கிழக்கில், கையை நீட்டி முட்டியை மடக்கினால் அடிவானத்திலிருந்து மூன்று முட்டி உயரத்தில், அந்த நீல வெண்மைப் புள்ளி தெளிவாகவே இருந்தது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்திருக்கும் போக்கிலேயே கண்ணை நீட்டிக்கொண்டு வந்தால் முதலில் இளஞ்செம்மஞ்சளாகச் சுவாதி வரும்; அதே வளைவில் இன்னும் சிறிது தெற்கே வந்தால் சித்திரை. பஞ்சாங்கத்தில் அடுத்தடுத்து வரும் இவ்விரு பெயர்களும் வானத்திலும் பார்வைக்கு எட்டும் தொலைவில் நிற்கின்றன; ஒன்றன் மஞ்சளையும் மற்றதன் நீலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே எது சூடு மிக்கது என்று தெரிந்துவிடும். அடுப்பில் நீலச் சுவாலை மஞ்சள் சுவாலையைவிடச் சூடானது என்பது நம் வீட்டுச் சமையலறைப் பாடம்தானே. நண்பர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுவா? இதை எனக்கு நல்லாத் தெரியுமே. பேர்தான் தெரியாது" என்றார்.

இதில் ஒரு நேர்த்தியைக் கவனிக்க வேண்டும். திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் பின்பற்றும் கணக்கில், ராசி மண்டலத்தின் 180ஆவது பாகையில் சித்திரை விண்மீன் நிற்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிர்ப்புள்ளியை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். வானியற்பியல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையில் 1952இல் நடுவண் அரசு அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவும் இந்த அடிப்படையையே ஏற்றது. எனவே சித்திரை முதல் நாளில் சூரியன் அந்த விண்மீனுக்கு நேர் எதிரே இருக்கிறது. மேற்கே சூரியன் மறையும் வேளையில் கிழக்கே வங்கக் கடலிலிருந்து சித்திரை எழுகிறது. புத்தாண்டு மாலையில் திருவொற்றியூர்க் கடலோரக் கற்களின்மேல் நின்று பார்ப்பவருக்கு ஆண்டின் கணக்கே கண்ணெதிரே எழுந்து வருகிறது என்று சொல்லலாம். அந்த மாதத்து முழுநிலவு அவ்விண்மீனின் அருகே நிற்பதால்தான் மாதத்துக்கே சித்திரை என்று பெயர். இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச் 21ஐ ஒட்டி இல்லாமல் நம் புத்தாண்டு ஏப்ரல் 14இல் வருவதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. பூமியின் அச்சு பம்பரம் போல் மெல்லத் தலையாட்டுவதால் சமநாள் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விண்மீன்களிடையே பின்வாங்குகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க அறிஞர் இந்த நகர்வைக் கண்டுகொண்டதே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் டிமோகாரிஸ் என்ற மற்றொரு கிரேக்க அறிஞர் அளந்து வைத்திருந்த சித்திரையின் இடத்தைத் தம் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான்.

இனி, இரண்டு என்று எப்படித் தெரியும்? கண்ணுக்கு ஒன்றுதான். தொலைநோக்கியில் எட்டிப் பார்த்தாலும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே சுமார் 1.8 கோடி கிலோமீட்டர் இடைவெளி. அதாவது சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இரண்டு பெரும் விண்மீன்கள் குடியிருக்கின்றன. அவை நம்மிடமிருந்து 250 ஒளியாண்டு தள்ளி இருப்பதால், அந்த இடைவெளியைப் பிரித்துக் காண்பது, தில்லியில் ஒன்றேகால் சென்டிமீட்டர் விலக்கி வைத்த இரண்டு கடுகைச் சென்னையிலிருந்து இரண்டென்று காண்பதற்கு ஒப்பு.

அதைக் கண்ட வழியைச் சொல்ல எங்கள் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. தண்டையார்பேட்டை ரயில் நிலையத்தில் நிற்காமல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் விரையும் விரைவு வண்டி, நடைமேடையை நெருங்கும்போது எழுப்பும் ஒலி கூர்மையாகவும், நம்மைத் தாண்டியதும் அதே ஒலி தணிந்தும் கேட்பதை எல்லோரும் அறிவோம். ஒளிக்கும் இதே விதிதான். விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்தால் ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற தனிமங்களின் கரிய கோடுகள் குறிப்பிட்ட இடங்களில் தெரியும். விண்மீன் நம்மை நோக்கி வந்தால் அக்கோடுகள் நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் நகரும். ஜெர்மனியின் போட்ஸ்டாம் வான்நோக்கு நிலையத்தில் ஹெர்மன் கார்ல் ஃபோகல், சித்திரையின் நிறமாலையைப் புகைப்படமாகப் பதிவு செய்து, அதன் கோடுகள் நான்கு நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் முன்னும் பின்னும் ஊசலாடுவதை 1890இல் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இழுக்காமல் விண்மீன் அப்படி ஆட வழியில்லை. அந்தத் துணையின் மங்கலான கோடுகளும் பிற்காலத்தில் பிடிபட்டன. முதலாவதின் கோடுகள் நீலப் பக்கம் போகும்போது துணையின் கோடுகள் சிவப்புப் பக்கம் போகின்றன. ஒரு சுற்றுக்கு 4 நாளும் ஏறக்குறைய 20 நிமிடமும் ஆகின்றன. நாம் திங்கட்கிழமை கறி சமைத்து வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதற்குள் அங்கே ஒரு 'ஆண்டு' முடிந்துவிடுகிறது.

இரண்டில் பெரியது சூரியனைப் போல் சுமார் 11 மடங்கு நிறை கொண்டது. சிறியது சுமார் 7 மடங்கு. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் 5,800 கெல்வினை ஒட்டியது. பெரிய சித்திரைக்கு 25,000ஐ ஒட்டியும் சிறியதற்கு 20,000க்குச் சற்று மேலும் இருக்கும். வெப்பம் இரட்டித்தால் ஒரே அளவு பரப்பிலிருந்து வெளிவரும் ஆற்றல் 16 மடங்கு ஆகும் என்பது விதி. எனவே இங்கே வெப்பம் நான்கு மடங்குக்கு மேல் இருக்கையில், பரப்பும் சூரியனைவிடப் பல மடங்கு பெரிது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெரியது மட்டுமே சூரியனைப் போல் ஏறக்குறைய 20,000 மடங்கு ஆற்றலைக் கொட்டுகிறது. அதில் பெரும்பகுதி புற ஊதாக் கதிராகப் போய்விடுவதால் நம் கண்ணுக்கு எட்டுவது அதன் ஒரு சிறு பங்குதான்.

சுழற்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விண்மீனைப் பற்றிச் சொன்னதாகாது. சூரியன் தன் நடுக்கோட்டில் நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 25 நாளைக்கு ஒருமுறை சாவகாசமாகச் சுழல்கிறது. பெரிய சித்திரையோ நொடிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில், ஏறக்குறைய இரண்டே நாளில் ஒரு சுழற்சியை முடித்துவிடுகிறது. நாங்கள் அன்று மாடியில் பக்கத்து வீட்டுப் பேத்தியின் பலூனில் தண்ணீர் நிரப்பி, வாயை நூலால் கட்டித் தொங்கவிட்டு, நூலை முறுக்கிவிட்டுப் பார்த்தோம். நின்றிருந்தபோது சுரைக்காய் போல் நீண்டு தொங்கிய பலூன், நூலின் முறுக்கு பிரியப் பிரிய நடுவில் புடைத்துப் பூசணிக்காயானது. (மூன்றாம் முறை நூல் அறுந்து வலையெல்லாம் நனைந்தது; அதற்காக நான் வாங்கிய பேச்சு இக்கடிதத்துக்குத் தேவையில்லை.) வேகமாகச் சுழலும் விண்மீனும் அப்படித்தான் இடுப்பில் பருக்கிறது. மகம் நட்சத்திரமாக நாம் அறிந்த விண்மீனும் நீல வெண்மை நிறத்தது. சூரியனைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தும் ஏறக்குறைய 16 மணி நேரத்தில் ஒரு சுழற்சி முடிப்பதால் நன்றாகவே தட்டையாகிக் கிடக்கிறது. அத்தகைய விண்மீனில் துருவப் பகுதி சூடு மிகுந்தும், மையத்திலிருந்து தள்ளிப்போன இடுப்புப் பகுதி சூடு தணிந்தும் இருக்கும். சுழலும் திரவ உருண்டைகள் எந்தெந்த வடிவத்தில் நிலைகொள்ளும் என்ற கணக்கில் ஆண்டுக்கணக்காக உழைத்த, நோபல் பரிசு பெற்ற வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர், நம் மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சித்திரையில் சுழற்சியோடு இன்னொரு விசையும் சேர்கிறது. நிலவு நம் கடலை இழுத்து ஓதம் எழுப்புவது போல, அருகருகே இருக்கும் இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்து நீட்டுகின்றன. இரண்டுமே ஒன்றை நோக்கி ஒன்று கூம்பிய முட்டை வடிவில் இருக்கின்றன. சுற்றிவரும்போது ஒரு சமயம் முட்டையின் பக்கவாட்டையும் மறு சமயம் அதன் முனையையும் நாம் பார்ப்பதால், ஒன்றையொன்று மறைக்காவிட்டாலும் மொத்த ஒளி நூற்றில் சில பங்கு கூடிக் குறைகிறது. கண்ணால் இதை உணர முடியாது, கருவி உணர்கிறது. போதாதென்று, பெரிய விண்மீன் 4 மணி 10 நிமிடத்துக்கு ஒருமுறை விம்மித் தணிவதை 1960களின் பிற்பகுதியில் அளந்தார்கள்; 1970களின் தொடக்கத்திலேயே அந்தத் துடிப்பு மெல்ல அடங்கிப்போயிற்று. ஒரு விண்மீன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வதை ஒரு மனித வாழ்நாளுக்குள் பார்க்கக் கிடைத்தது அபூர்வம்.

இரண்டையும் அளந்து முடித்த பெருமை ஆஸ்திரேலியாவின் நராப்ரிக்கு உரியது. ஹான்பரி பிரவுன் குழுவினர் அங்கே, 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தின்மேல் நகரும் 6.5 மீட்டர் அகலக் கண்ணாடி அமைப்புகள் இரண்டை வைத்து, இரண்டிலும் விழும் ஒளியின் நடுக்கத்தை ஒப்பிட்டு, இந்த இணையின் பருமனையும் சுற்றுப்பாதையையும் தொலைவையும் கணித்து 1971இல் வெளியிட்டார்கள்.

தொலைவு 250 ஒளியாண்டு என்றால், இன்று நம் மாடிக்கு வந்து சேரும் ஒளி, ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கட்டிய கோட்டைச்சுவர் புதிதாக நின்ற காலத்தில் புறப்பட்டது. அந்தச் சுவரின் எச்சம்தான் ராயபுரத்து மாடிப் பூங்கா. அந்தச் சுவருக்கான வரியின் பெயரைத்தான் வால்டாக்ஸ் சாலை சுமக்கிறது. விண்மீனின் வயதோ ஒரு கோடி ஆண்டை ஒட்டியது. கேட்கப் பெரிதாகத் தோன்றும்; ஆனால் பரங்கிமலையின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. இத்தனை தாராளமாக எரிக்கும் விண்மீனுக்கு ஆயுள் குறைவு. சூரியனுக்கு வாய்த்த ஆயிரம் கோடி ஆண்டு அதற்கு இல்லை; வானியல் கணக்கில் விரைவிலேயே, அதாவது பல லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால், பெரியது சூப்பர்நோவாவாக வெடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 250 ஒளியாண்டு என்பது நமக்குத் தீங்கில்லாத தொலைவு. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'சித்திரை வெடிக்கிறது, கன்னி ராசிக்காரர்களே உஷார்' என்று யாரேனும் தலைப்பு வைத்துவிடுவார்களோ என்ற அச்சம்தான்.

இன்னொரு பக்கத்து மிகையையும் தவிர்க்க வேண்டுகிறேன். சித்திரையின் முதல் இரண்டு பாதம் கன்னியிலும் அடுத்த இரண்டு பாதம் துலாத்திலும் இருப்பதைக் காட்டி, இது இரட்டை விண்மீன் என்று முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று எழுத ஆளிருப்பார்கள். அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. 27 பங்காகப் பிரித்த வட்டத்தையும் 12 பங்காகப் பிரித்த வட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் சில பங்குகள் எல்லையில் வெட்டுப்படத்தான் செய்யும். கார்த்திகையும் மிருகசீரிடமும்கூட அப்படித்தான் பிரிகின்றன. வெறுங்கண்ணால் பார்த்து, கயிற்றையும் கோலையும் வைத்து அளந்து, நிலவின் பாதையை இவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்ததே அவர்களுக்குப் போதுமான பெருமை. இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் இருப்பதும் கேலிக்குள்ளாகும்.

இப்போது வேண்டுகோள். தங்கள் நாளிதழ் நாள்தோறும் வெளியிடும் பஞ்சாங்கக் கட்டத்தில் 'நட்சத்திரம்: சித்திரை, மாலை இத்தனை மணி வரை' என்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நிலவு வானத்தில் அந்தப் பங்கைக் கடக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆகவே அன்றிரவு நிலவைக் கண்டுபிடிப்பவர் அதன் பக்கத்திலேயே சித்திரை விண்மீனையும் கண்டுவிடலாம். வரைபடமோ கருவியோ வேண்டாம். ஐப்பசி பிறக்கும் சமயத்தில் சூரியனே அங்கே வந்துவிடுவதால் அந்த ஓரிரு மாதம் பார்க்க இயலாது. மற்ற மாதங்களில் அந்த நாளின் கட்டத்துக்குக் கீழே, 'இன்றிரவு நிலவின் அருகே தெரியும் நீல வெண்மை விண்மீன் சித்திரை. அது உண்மையில் இரண்டு' என்ற அளவில் ஒரு வரி சேர்த்தால் போதும். ரோகிணி, மகம், கேட்டை ஆகியவற்றுக்கும் இதேபோல் ஒவ்வொரு வரி கொடுக்கலாம். அவையும் நகரத்து வெளிச்சத்தைத் தாண்டித் தெரியக்கூடிய பிரகாசமுள்ளவை. பூசம் போன்ற மங்கலானவற்றைத் தண்டையார்பேட்டையிலிருந்து காட்டுவதாக நான் வாக்களிக்க மாட்டேன்.

பஞ்சாங்கமும் வான்நோக்கும் தனித்தனிக் கடைகள் என்று நினைக்கும் உதவி ஆசிரியர் யாராவது இதற்கு மறுப்புச் சொன்னால், சிந்தாமணி ரகுநாதாச்சாரியை அவருக்கு நினைவூட்டுங்கள். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிமுடிக்கப்பட்ட சென்னை வான்நோக்கு நிலையத்தில், விண்மீன் ஒளிக்கு இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுகோலை வகுத்த போக்சனின் கீழ்ப் பணியாற்றியவர் அவர். தென்வானத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தவரும், கண்ணால் கண்ட நிலைகளுக்கு ஒத்துவரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காகப் பாடுபட்டவரும் அவரே. அந்த நிலையத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு, இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

சப்தரிஷியிலிருந்து சுவாதி வழியாகச் சித்திரைக்கு வரும் வளைவைக் கையால் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பென்சிலில் வரைந்தது, அச்சில் மங்கினால் சொல்லியனுப்புங்கள், மையில் வரைந்து தருகிறேன். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குள் போகும் ஜூன் மாத நடுவில் சித்திரை மாலை ஏழரை மணிக்கே தெற்கு வானில் உயர்ந்து நிற்கும். அதற்குள் படம் வெளிவந்தால், பக்கத்து வீட்டுக்காரர் நான்கைந்து பிரதி கேட்டிருக்கிறார்; படகில் மற்றவர்களுக்கும் காட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.